ஊடாக: துறைத் தலைவர்

2025 ஜூன் 3, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 4.40. தூறல். காலையிலிருந்து விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் மலை பகல் முழுக்கத் தெரியவில்லை. மகள் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வந்து கதிரையில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்காருகிறவள் இல்லை.

"முப்பதாம் திகதிதான்பா கடைசி. இனிமே நீடிப்புக் குடுக்க மாட்டாங்களாம்."

மகள் கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியை. வயது நாற்பத்தொன்று. கணவர் கட்டாரில் வேலை செய்வதால் குண்டசாலையில் என்னோடு இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் சமூகவியலில் முதுமாணிப் பட்டத்துக்குப் பதிந்தாள். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டுப் பல்லேகலத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வரும் பெண்களைப் பற்றியது அவளுடைய ஆய்வு. முன்மொழிவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை நீடிப்பு வாங்கியாகிவிட்டது. ஜூன் முப்பதுக்குள் மேற்பார்வையாளர் கையொப்பம் இடாவிட்டால் பதிவு ரத்தாகும். கட்டிய பணமும் போகும், மூன்று வருடமும் போகும். பட்டம் இல்லாமல் அதிபர் பதவிக்கான அடுத்த நேர்முகத் தேர்வுக்கும் போக முடியாது.

மேற்பார்வையாளர் அவளுடைய வரைவை வாசித்துவிட்டு, மூன்று ஆக்கங்களைக் குறித்துக் கொடுத்திருந்தார். இந்த மூன்றையும் வாசித்து, உங்கள் ஆய்வு இவற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள், கையொப்பம் இடுகிறேன் என்றாராம். வெளிவாரி மாணவர்களுக்குப் பல்கலைக்கழக நூலகம் சனிக்கிழமைகளில்தான் திறக்கும். மூன்றில் எதுவும் அங்கே இல்லை என்று அவள் பார்த்துவிட்டே வந்திருந்தாள்.

"இன்டர்நெட்ல இலவசமா கிடைக்கும்னு சொல்றாங்க. எனக்குத் தேட எங்க நேரம்? தவணைப் பரீட்சைப் பேப்பர் நூத்திப் பத்து கெடக்கு."

எனக்கு நேரம் இருந்தது. ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடம். அதற்கு முன் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் முப்பத்தாறு வருடம், அதில் கடைசிப் பதினொரு வருடம் பிரதம லிகிதர். தேடுவது எனக்குப் புதிதல்ல. பதிவறையில் கோப்புக் கோவைகளைத் தேடியவனால் எதையும் தேட முடியும்.

மறுநாள் காலை அவள் பாடசாலைக்குப் போனதும் அவளுடைய மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். மேசைக்கு மேலே கூரை ஒழுகுகிறதா என்று முதலில் பார்த்தேன். பின்பு மின்சாரம் போய்விட்டால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்தேன். ஒரு மணி ஐந்து நிமிடம் என்று காட்டியது. அந்தக் கணக்கு மனதில் இருந்துகொண்டே இருந்தது.

இலவசம் என்பதில் இத்தனை வகை இருப்பது எனக்குத் தெரியாது. சில சஞ்சிகைகள் உண்மையாகவே எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, அழுத்தினால் கட்டுரை வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட சஞ்சிகைகளை மட்டும் சேர்த்து ஒரு பெரிய விபரப்பட்டியல் வைத்திருக்கிறார்கள். பாடத்தின்படியும் பார்க்கலாம், மொழியின்படியும் பார்க்கலாம். பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களின் ஆய்வேடுகளைக் களஞ்சியம் என்று ஓரிடத்தில் போட்டு வைக்கின்றன. முப்பது வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் தட்டச்சில் அடித்து, அட்டை கட்டி, கறையான் தின்ன விட்ட ஆய்வேடு, எழுத்துகள் கொஞ்சம் சாய்ந்தபடி திரையில் வந்து நிற்கிறது. தமிழ் நூல்கள், பழைய பத்திரிகைகள், கோயில் மலர்கள், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள் எல்லாவற்றையும் படம்பிடித்து வைத்திருக்கும் இடமும் இருக்கிறது. குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளைப் பிரதேச செயலகப் பிரிவு வரைக்கும் எடுக்கலாம். வெள்ளைக்காரன் காலத்து நிர்வாக அறிக்கைகள் கண்டியில் கிடைக்காது, ஆனால் ஏதோ ஒரு வெளிநாட்டு நூலகம் அவற்றை இலவசமாகத் தருகிறது.

வேறு சில, இலவசம் என்று மேலே எழுதிவிட்டு மூன்றாம் பக்கத்தில் கடனட்டை இலக்கம் கேட்டன. அவற்றை உடனே மூடினேன். மூடிய பிறகும் ஏதாவது போய்விட்டதோ என்று கவலையாக இருந்தது.

ஒரு மின்னூலகம் புத்தகத்தை ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும் இரவல் கொடுத்தது. மேற்பார்வையாளர் குறித்த முதலாவது நூல் அதில் இருந்தது. அழுத்தினால், "இந்தப் பிரதி வேறொருவரிடம் உள்ளது" என்று வந்தது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றிய நாற்பது வருடப் பழைய புத்தகத்தை உலகத்தில் இந்த நேரத்தில் இன்னொரு மனிதன் வாசித்துக்கொண்டிருக்கிறான் என்பதை நம்ப முடியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். ஆறாவது தடவை கிடைத்தது. தேவையான பக்கங்களை அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் திரையிலிருந்து படம்பிடித்து வைத்தேன். அந்த மனிதன் யாரென்று இன்றுவரை யோசிக்கிறேன்.

இரண்டாவது ஒரு கட்டுரை. சஞ்சிகைக்காரர் பணம் கேட்டார்கள். ஆனால் கட்டுரைத் தலைப்பை முழுதாக மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடியபோது, எழுதியவரே தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் அச்சுக்குப் போகுமுன் இருந்த பிரதியைப் போட்டிருந்தது தெரிந்தது. பக்க எண்தான் மாறும். மற்றபடி அதுவேதான்.

கிடைத்ததையெல்லாம் பிரிண்ட் எடுத்தேன். மகள் திரையிலேயே வாசிப்பேன் என்றாள். திரையில் இருப்பது இருக்கிறதாகுமா? சந்தியில் ஒரு கொமியுனிகேஷன் கடை இருக்கிறது. கடைக்காரர் அக்குறணையைச் சேர்ந்தவர். நான் முன்பு சீஃப் கிளார்க் என்று தெரிந்ததிலிருந்து, அதைச் சுருக்கி என்னை "சீசீ ஐயா" என்றே கூப்பிடுவார்.

"சீசீ ஐயா, இன்டர்நெட்ட முழுசா பிரிண்ட் எடுத்து முடிஞ்சா ஒரு சொல்லு செல்லுங்க. கடைய மூடிட்டு நான் உம்ராவுக்குப் போயிட்டு வாறன்."

"இரண்டு பக்கமும் அடியுங்கள். தாள் மிச்சம்."

"தாள் மிச்சம், மை மிச்சமில்லையே ஐயா. ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு காசிதான்."

ஏழாம் திகதி ஹஜ் பெருநாளுக்குக் கடை மூடியிருந்தது. அடுத்த நாள் ஞாயிறு. பத்தாம் திகதி போயா, பௌர்ணமி விடுமுறை. இருபத்தேழு நாளில் மூன்று நாள் அப்படிப் போயிற்று. இரண்டு ஆக்கங்கள் கையில் இருந்தன. மூன்றாவது கிடைக்கவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம் என்று மேற்பார்வையாளர் அடிக்கோடு போட்டிருந்தார். வடக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கும் பெண் விரிவுரையாளர் எழுதிய ஓர் அத்தியாயம். விடுதி அறைகளில் தங்கி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் மலையகப் பெண்களைப் பற்றியது. மகளின் தலைப்புக்கு அவ்வளவு கிட்ட இருந்தது. வெளிநாட்டில் அச்சான தொகுப்பு நூலில் வந்திருந்தது. நூலின் விலை நூற்றெண்பது டொலர். திறந்த களஞ்சியங்கள், ஆய்வேட்டுப் பட்டியல்கள், தலைப்பை மேற்கோள் குறிக்குள் போடுவது, எல்லாம் செய்து பார்த்தேன். முதல் இரண்டு பக்கத்தைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. இரண்டாம் பக்கம் "இதற்குக் காரணம்" என்று பாதி வசனத்தில் நின்றது.

போயா அன்று மகள் வீட்டில் இருந்தாள். இருவரும் சேர்ந்து பார்த்தபோது ஒரு நூலகத்தின் உதவிப் பக்கத்தில் எழுதியிருந்ததை அவள் வாசித்துச் சொன்னாள்: எங்கும் கிடைக்காத கட்டுரையை, அதை எழுதியவரிடமே கேட்டுப் பெறலாம், பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு அனுப்பி வைப்பார்கள்.

"அப்ப கேட்டு எழுதுவோம்பா."

"நான் வரைகிறேன்," என்றேன்.

விரிவுரையாளரின் மின்னஞ்சல் முகவரி அந்த இரண்டு பக்கத்தின் அடியிலேயே இருந்தது. எங்கள் இருவர் கண்ணிலும் பட்டது. ஆனால் ஓர் உத்தியோகத்தருக்கு வெளியாள் நேராக எழுதுவது ஒழுங்கு இல்லை. நான் வரைந்த கடிதம் அவருக்கே விலாசமிட்டது. அதன் கீழே "ஊடாக: துறைத் தலைவர்" என்று போட்டேன். விடயம்: "பல்கலைக்கழக விரிவுரையாளரின் கட்டுரை தொடர்பானது." கடைசியில் "பிரதிகள்: பீடாதிபதி, பதிவாளர் – தகவலுக்காக." மகள் இரண்டு முறை வாசித்தாள். ஒரு நாள் லீவு வேண்டுமென்றாலும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அதிபர் ஊடாக எழுதிப் பழகியவள் அவள். அதில் பிழை ஒன்றும் அவளுக்கும் தெரியவில்லை. ஒரு காற்புள்ளி மட்டும் சேர்த்தாள்.

கையொப்பம் இல்லாத கடிதம் கடிதமாகாது. ஆகவே பதினோராம் திகதி பிரிண்ட் எடுத்து, மகளின் கையொப்பத்தோடு ஸ்கேன் செய்து துறைத் தலைவரின் மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். மூலப் பிரதிகளைப் பதிவுத் தபாலில் துறைத் தலைவர், பீடாதிபதி, பதிவாளர் என்று மூன்று இடத்துக்கும் போட்டேன். தொடர்புக்கு என் கைத்தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். வகுப்பில் இருக்கும்போது மகள் எடுக்க மாட்டாள்.

ஸ்கேன் செய்கிறபோது கடைக்காரர் தலையைச் சாய்த்து வாசித்தார்.

"இது ஆரப் பத்தின பெட்டிஷன் ஐயா?"

"பெட்டிஷன் இல்லை. வேண்டுகோள்."

"வேண்டுகோளுக்கு மூணு பெரியாக்களுக்குக் கொப்பி என்னத்துக்கு?"

முறை அதுதான் என்றேன். அவர் "அல்லாட காவல்" என்று சொல்லி இயந்திரத்தின் மூடியை மூடினார்.

ஏழு நாள் ஒன்றும் வரவில்லை. மகள் தினமும் இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள். பின்பு கேட்பதை விட்டுவிட்டாள். மற்ற இரண்டு ஆக்கத்தையும் வாசித்து, ஆறு பக்கம் எழுதி முடித்திருந்தாள். ஏழாம் பக்கத்தில் தலைப்பு மட்டும் இருந்தது.

பதினெட்டாம் திகதி காலை பத்தேகால். ஒரு பெண் குரல்.

"வணக்கம். உது கடிதம் எழுதின ஆக்களின்ர நம்பரோ?"

ஆம் என்றேன்.

"அந்தக் கட்டுரைய எழுதினது நான்தான் கதைக்கிறன். ஐயா, நான் என்ன பிழை விட்டனான் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

எனக்கு விளங்கவில்லை. கட்டுரையின் பிரதி ஒன்று வேண்டும் என்றுதானே எழுதினோம் என்றேன்.

"அது நாலாவது பந்தியில இருக்கு. அவ்வளவு தூரம் ஆர் வாசிச்சது? 'விரிவுரையாளரின் கட்டுரை தொடர்பானது', கீழ பீடாதிபதிக்குப் பிரதி, பதிவாளருக்குப் பிரதி. நான் வேற ஆரோ ஒராளின்ர ஆய்வக் களவெடுத்துப்போட்டன் எண்டு முறைப்பாடு வந்திருக்கு எண்டு தலைவர் நினைச்சிட்டார். எனக்கு விளக்கம் கேட்டு எழுதியிருக்கு. பைல் திறந்தாச்சு."

நான் மன்னிப்புக் கேட்டேன். முறைப்படி எழுத வேண்டும் என்று எழுதினோம் என்றேன்.

"ஓம், முறை விளங்குது. என்ர அப்பாவும் கச்சேரியில கிளார்க்கா இருந்தவர்தான்." குரல் கொஞ்சம் இறங்கியது. "ஐயா, எனக்கு ஒரு வரி போட்டிருந்தா அண்டைக்கே அனுப்பியிருப்பன். அந்தப் புத்தகம் நூற்றெண்பது டொலர். என்னட்டக்கூட அச்சுப் பிரதி ஒண்டுதான் இருக்கு. ஆராவது வாசிக்கக் கேட்டாச் சந்தோசம்தானே. இப்ப பிரச்சினை முடியிற வரைக்கும் அனுப்ப வேண்டாம் எண்டு தலைவர் சொல்லிப்போட்டார். பீடச் சபை ஜூலை எட்டாம் திகதி."

ஜூலை எட்டு. மகளின் திகதி ஜூன் முப்பது. அதை அவரிடம் சொன்னேன்.

"பாவம் பிள்ளை," என்றார். "நான் என்ன செய்யலாம்?"

திறந்த கோவையை இன்னொரு கடிதம்தான் மூடும் என்றேன்.

"திரும்பவும் கடிதமோ? ஐயோ, வேண்டாம் ஐயா!"

அன்று பிற்பகல் மகளிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. புத்தகப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள். பின்பு சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள்.

"அந்தம்மா வேலைக்கும் உலை வச்சாச்சா?"

"நீயும் வாசித்தாய்."

"வாசிச்சேன். ஒரு கொமா வேற போட்டேன்." உட்கார்ந்தாள். "இப்ப நான் சொல்றேன், நீங்க அடிங்க. ஒரு வார்த்தை கூட்டக் கூடாது."

நாலு வரி. கட்டுரையின் ஒரு பிரதியை வாசிப்பதற்காக மட்டுமே கேட்டேன். எழுதியவர் மீது எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. அவருடைய ஆய்வை மதித்தே அதை வாசிக்க விரும்பினேன். என் முன்னைய கடிதத்தை மீளப் பெற்றுக்கொள்கிறேன்.

"பிரதிகள் போக வேண்டும்," என்றேன். "முதல் கடிதம் போன மூன்று இடத்துக்கும் இதுவும் போகாவிட்டால் ஓரிடத்தில் மூடி, இரண்டு இடத்தில் திறந்தே கிடக்கும்."

அவள் யோசித்தாள். "சரி. போடுங்க. ஆனா விடயம்ங்கிற எடத்துல 'மீளப் பெறுதல்'னு மட்டும் இருக்கணும்."

மறுநாள் அனுப்பினேன். பதிவுத் தபாலிலும் மூன்று. தபால் கந்தோரில் இருந்த பெண் விலாசங்களைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில், திரும்பவும் அதே மூன்று பேரா என்று கேட்டாள்.

இருபதாம் திகதி, இருபத்தொன்று, இருபத்திரண்டு. வேலை ஒன்றும் இல்லாமல் மகளின் அடிக்குறிப்புகளை எண்ணினேன். ஐம்பத்தெட்டு. அதில் நாற்பத்தொன்று காசில்லாமல் கிடைத்த மூலங்கள். அதைச் சொன்னபோது, "அதை நம்மளோட வச்சிக்குவோம்பா" என்றாள். இருபத்து நான்காம் திகதி இரவு, பதிவு ரத்தானால் திரும்ப விண்ணப்பிக்க எவ்வளவு ஆகும் என்று அவள் கணவரோடு தொலைபேசியில் பேசியது பக்கத்து அறையில் எனக்குக் கேட்டது.

இருபத்தைந்தாம் திகதி பிற்பகல் இரண்டு ஐம்பதுக்கு மின்னஞ்சல் வந்தது. மகளின் பெயருக்கு, நேராக. இணைப்பில் அத்தியாயம் முழுவதும், இருபத்தேழு பக்கம். மேலே ஒரு வரி: "பைல் மூடியாச்சு. வாசிச்சுப்போட்டு என்ன நினைக்கிறீங்கள் எண்டு எனக்கும் எழுதுங்கோ."

அந்த இருபத்தேழு பக்கத்தை நான் பிரிண்ட் எடுக்கவில்லை. நேரமில்லை. மகள் திரையிலேயே வாசித்தாள். அன்றிரவும் அடுத்த இரவும் வாசித்து, மூன்றாம் நாள் எழுதினாள். அந்த ஆய்வில் வரும் பெண்கள் சம்பளத்தை லயத்துக்கு அனுப்பிவிட்டு, தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் திரும்பிப் போகிறவர்கள். மகள் பல்லேகலவில் சந்தித்த பெண்கள் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வந்து வாடகை வீடு எடுத்தவர்கள். திரும்பிப் போக வீடு இல்லாதவர்கள். ஏழாம் பக்கம் நிறைந்து எட்டாம் பக்கத்துக்குப் போனது. விரிவுரையாளருக்கும் அவள் ஒரு பக்கம் எழுதி அனுப்பினாள். அதை எனக்குக் காட்டவில்லை.

முப்பதாம் திகதி திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டாள். நானும் போனேன். மேற்பார்வையாளரின் அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன், கதவு திறந்திருந்தது. அவர் நிதானமாகப் புரட்டினார். எட்டாம் பக்கத்தில் வெகு நேரம் நின்றார். பேனா கையில் இருந்தது, தாளில் படவில்லை. நான் அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது நல்லா வந்திருக்கு," என்றார். "இந்த மூன்றாவது எங்கே எடுத்தீங்க?"

"எழுதினவங்களே அனுப்பினாங்க சேர்."

"அப்படியா?" கையொப்பம் இட்டார். திகதியையும் போட்டார். பின்பு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொன்னால் எனக்கு அது இன்னும் வாசிக்கக் கிடைக்கல்ல. வேறொரு புத்தகத்தின் அடிக்குறிப்பில்தான் பார்த்தேன். எனக்கும் ஒரு பிரதி அனுப்புவீங்களா?"

மகள் தாள்களை வாங்கி உறையில் போட்டாள்.

"அவங்ககிட்டயே கேளுங்க சேர். நேரா அவங்களுக்கே எழுதுங்க. ஒடனே அனுப்புவாங்க."

முன்மொழிவைப் பீட அலுவலகத்தில் கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் கண்டிக்கு வந்து, அங்கிருந்து குண்டசாலைக்கு வந்தோம். மகளுக்கு இருக்கை கிடைத்தது. ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் நான் கணக்குப் பார்த்தேன். பிரிண்ட் 6,180. ஸ்கேன் 300. பதிவுத் தபால் ஆறு, 960. இணையத் தரவு 1,800. பஸ் 400. மொத்தம் 9,640 ரூபா.